பேர்மிங்காம் போகமுதல் வெள்ளவத்தையில் முடித்த கணக்குகள்

குடும்பமாக வெளிநாடு போகிறோம் என்று சொன்னால் கொழும்பு வெள்ளவத்தையில் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு முடிஞ்சுது?" என்பதுதான். விசாவுக்கு எவ்வளவு, டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று. அதற்கு ஒரு கடதாசியில் பதில் எழுதிவிடலாம்; கீழே எழுதியும் இருக்கிறேன். எங்களுக்கு மாதக்கணக்கில் வேலை வைத்தது வேறொரு கேள்வி: நாங்கள் போனபிறகு கொழும்பில் நிற்கப்போகிறவர்களின் சீவியம் எப்படி ஓடும், விட்டுப்போகிற வீடும் கடனும் வங்கி வைப்பும் யார் கையில் இருக்கும்? அதை முதலில் தீருங்கள், பிறகு விசாக் கணக்குக்குப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் கியூ.எஸ்., கட்டட வேலைகளுக்கு அளவும் செலவும் கணக்குப் போடுகிறவர். 2022 இல் ரூபாய் விழுந்து, கட்டட வேலைகள் நின்று, கொழும்பில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. அப்போதிருந்து வெளியே தேடிக்கொண்டிருந்தவரை இங்கிலாந்தில், பேர்மிங்காமில் ஒரு கம்பனி ஆண்டுக்கு 42,000 பவுண்ட் சம்பளத்தில் எடுத்தது. மூன்று வருட ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் 2025 மே மாதம் போனார். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூட வருடம் முடியும்வரை இங்கே நின்றோம். எங்களுக்கும் விசா வந்து, புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நான் வங்கிக் கிளையொன்றில் பல வருடம் வேலை செய்தவள். பிள்ளைகள் எல்லாரும் வெளியில் இருக்க, வயதான தாய் தகப்பன் தனியாக வந்து, பிள்ளையின் பெயரில் கிடக்கிற வைப்பைத் தொட வழியில்லாமல் கவுண்டருக்கு முன்னால் நின்றதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது நடக்கக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்திருந்தேன்.

முதலில் எல்லாரும் கேட்கிற கணக்கு. பிரித்தானிய விசாவில் ஆட்களை விழுத்துவது ஐ.எச்.எஸ். என்கிற சுகாதாரக் கட்டணம்தான். 2024 பெப்ரவரியில் இருந்து பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட், பிள்ளைக்கு 776 பவுண்ட். மாதா மாதம் கட்டுவதில்லை. விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் விண்ணப்பத்தோடு ஒரேயடியாகக் கட்டவேண்டும். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், மூன்று வருடம் என்று வைத்தால் இதற்கு மட்டும் 10,866 பவுண்ட். 2025 ஏப்ரல் கட்டணப்படி விசாவுக்கு ஆளுக்கு 769 வீதம் 3,076. கூட்டினால் 13,942 பவுண்ட். ஒரு பவுண்ட் 400 ரூபாயைச் சுற்றி நிற்கும்போது 55 இலட்சத்துக்கு மேல். டிக்கெட் இன்னும் சேரவில்லை. விசா மறுக்கப்பட்டால் ஐ.எச்.எஸ். திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது. தாதியர், வைத்தியர் போன்றவர்களுக்கான ஹெல்த் அண்ட் கெயார் விசாவில் ஐ.எச்.எஸ். இல்லை. அதனால் "அவையளுக்கு இவ்வளவுதான் முடிஞ்சுது" என்று தாதி ஒருவரின் குடும்பத்தைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடவேண்டாம்.

வேலைத்தலம் எதைக் கட்டும் என்பதை, விசாவுக்காக அது தருகிற அனுசரணைச் சான்றிதழான சி.ஓ.எஸ். வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் அவருடைய விசாவும் அவருடைய ஐ.எச்.எஸ்.ஸும் கம்பனி பொறுப்பு, குடும்பத்தினுடையது எங்கள் பொறுப்பு. அது முதல் நாளே தெரிந்ததால்தான் அவர் முன்னுக்கும் நாங்கள் பின்னுக்குமாகப் போக முடிவெடுத்தோம். பின்னால் போகிறவர்களுக்கு, முதலில் போனவரின் விசாவில் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே ஐ.எச்.எஸ். எங்கள் மூவருக்கும் இரண்டரை வருடக் கட்டணம் வந்தது; முழு மூன்று வருடத்தோடு பார்த்தால் 1,293 பவுண்ட் குறைவு, அதாவது ஐந்து இலட்ச ரூபாய்க்கு மேல். இதற்கு மறுபக்கமும் உண்டு. நிரந்தர வதிவிடத்துக்கான காலம் கணவனுக்கும் மனைவிக்கும் அவரவர் போன நாளில் இருந்துதான் ஓடும். நான் பிந்திய மாதங்கள் என் கணக்கில் பிந்தியவைதான். அந்தக் காலம் ஐந்து வருடம். அதைப் பத்தாக்கப் போவதாக 2025 மே மாத வெள்ளையறிக்கையில் பிரித்தானிய அரசு சொல்லியிருக்கிறது. ஐந்து வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்குவதை நான் சம்மதிக்கமாட்டேன்.

விண்ணப்பத்துக்குக் காட்டவேண்டிய காசு பெரிதில்லை. முதன்மையானவருக்கு 1,270, துணைக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 பவுண்ட். ஆனால் அது 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்கவேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். வைப்பை உடைப்பது, நகையை அடைவு வைப்பது, சீட்டு எடுப்பது எல்லாம் அந்த 28 நாளுக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். காசநோய்ப் பரிசோதனையை ஐ.ஓ.எம். என்கிற சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் நிலையத்தில் செய்கிறார்கள், அந்தச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் அதை ஆக முந்திச் செய்துவைக்காதீர்கள்.

போய் இறங்கிய பிறகு வருகிற செலவைத்தான் பலர் எழுதிவைப்பதில்லை. இங்கிலாந்தில் வாடகை முற்பணம் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 2019 ஆம் ஆண்டின் சட்டம். மாதம் 1,100 பவுண்ட் வீடென்றால் முற்பணம் 1,269. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் கதவு திறக்க 2,369 பவுண்ட். வேலை தொடங்கிய நாள் அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடிய பிறகென்றால், முதல் சம்பளம் அடுத்த மாத முடிவில்தான். அதுவரை சாப்பாடு, பஸ், குளிர்ச் சட்டை எல்லாம் கையிருப்பில்தான் ஓடவேண்டும். அவர் தனியாக ஒரு அறையில் இருந்துகொண்டு வீடு தேடியதால் இது எங்களைக் கடிக்கவில்லை. பிள்ளைகளோடு நாலு பேரும் ஒன்றாய் இறங்குகிறவர்கள், சம்பளமே இல்லாமல் இரண்டு மாதம் சமாளிக்கிற காசை விசாக் காசோடு கலக்காமல் புறம்பாக வைத்திருங்கள்.

ஏஜென்டுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம், பராமரிப்பு வேலைக்கு சி.ஓ.எஸ். எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நகையெல்லாம் அடைவு வைத்துக் காசு கொடுத்தது. வேலையும் வரவில்லை, காசும் வரவில்லை. வேலை தருகிற நிறுவனம், வெளிநாட்டு ஆட்களை எடுக்கத் தனக்கு வேண்டிய அனுசரணை உரிமத்துக்கும் சி.ஓ.எஸ்.ஸுக்கும் கட்டுகிற காசைத் தொழிலாளியின் தலையில் போட பிரித்தானிய விதி இடம் கொடுப்பதில்லை. உரிமமுள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பராமரிப்பு ஊழியர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போவது 2024 மார்ச் 11 உடன் நின்றது. 2025 ஜூலை 22 இல் இருந்து வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதே அந்த வேலைக்கு இல்லை. இன்றைக்கும் அந்த வேலைக்கென்று கொழும்பில் யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. கணவரின் தாய் தகப்பன், மாமாவும் மாமியும், எங்களோடு ஒரே தொடர்மாடியில் இருக்கிறவர்கள். மாமாவுக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர், இருதயத்துக்கும் மருந்து. ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் தாய் தகப்பனைக் கூட்டிப்போக வழியில்லை. வயதான உறவினருக்கென்று வேறொரு விசா இருக்கிறதுதான், ஆனால் 2012 இல் விதிகளை இறுக்கிய பிறகு அது கிடைப்பது அரிதிலும் அரிது. இதை அவர்களிடம் நேரே சொல்லிவிட்டோம். "பிறகு எடுப்பம்" என்று ஆறுதலுக்குச் சொல்லி வைப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். அந்த நம்பிக்கையில் அவர்கள் இங்கே எந்த ஒழுங்கும் செய்யாமல் காத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் வீடியோவில் கணக்குக் கதைத்துக்கொண்டிருக்க, மாமி பக்கத்தில் வந்து இருந்தா. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னா: "பிள்ளை, உங்கட பெரிய கணக்கெல்லாம் எனக்கு விளங்காது. மாமாவின்ர குளிசை முடியிற நாள் ஆர் வாங்கித் தாறது எண்டு மட்டும் சொல்லுங்கோ." எங்கள் திட்டம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்துதான் திரும்ப எழுதப்பட்டது. காசு அனுப்புவது லேசு. களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடியவே போய் நம்பர் எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

கணவரின் அண்ணாவின் மகன், எங்கள் பெறாமகன், யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் படிக்க வந்திருந்தான். தெஹிவளையில் அறை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, எங்கள் அறையில் வந்து இருக்கச் சொன்னோம். அவனுக்கு வாடகையும் சாப்பாடும் மிச்சம். கிளினிக் நாளில் மாமாவோடு போவது, மருந்து வாங்குவது, கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் பார்ப்பது அவன் பொறுப்பு. இதை வாய்ப்பேச்சில் விடாமல் அவனையும் அவன் தாய் தகப்பனையும் வைத்துக் கதைத்து, பரீட்சைக் காலத்தில் அவனுக்குப் பதிலாக யார் போவது என்பதுவரை முடிவெடுத்தோம். உறவுக்காரப் பிள்ளைதானே என்று எல்லாப் பாரத்தையும் ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போனால் ஒரு வருடத்தில் உறவும் போகும், உதவியும் போகும். மாமாவை வழமையாக ஏற்றுகிற ஓட்டோக்கார அண்ணையிடமும் மாதக் கணக்காகப் பேசிவைத்திருக்கிறோம்.

அவசரத்துக்கென்று மாமியின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து ஐந்து இலட்சம் போட்டிருக்கிறோம். நிலையான வைப்பில் போடவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது முற்பணம் கேட்பார்கள், இரவென்றால் வைப்பை உடைக்க முடியாது. மாமி இவ்வளவு காலமும் ஏ.ரி.எம். பக்கம் போனதில்லை. காலி வீதியில் இருக்கிற மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய், மொழியைத் தமிழுக்கு மாற்றி, கார்டைப் போடுவதில் இருந்து ரசீது எடுப்பதுவரை அவவையே செய்யவைத்தேன். முதல் தரம் காசு வெளியே வந்ததும் எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா, மெஷின் காசை உள்ளே இழுத்துவிட்டது. அடுத்தடுத்த கிழமைகளில் தனியாகவே எடுக்கப் பழகிவிட்டா. சுவசெரிய அம்புலன்சின் 1990 என்ற இலக்கத்தைத் தமிழில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். அது இலவச சேவை.

அவர்களுடைய வைப்புகளில் மூன்று விஷயம் பார்த்தேன். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய்வரைதான். முழுக் காசையும் கூட வட்டி தருகிற ஒரே இடத்தில் போட்டிருந்தால் பிரித்துப் போடுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருக்கிறவர் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்கமாட்டார்கள். வட்டியில் சீவிக்கிற முதியவர்களுக்கு இது மாதச் செலவில் தெரிகிற காசு, ஆனால் படிவம் கொடுக்காமல் இருக்கிறவர்கள்தான் கூட. மூன்றாவது, ஒருவர் பெயரில் மட்டும் இருந்த கணக்குகளை இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றி, அவர்களுக்குப் பிறகு காசு சேரவேண்டிய பின்னுரித்தாளியின் பெயரையும் பதிந்தோம்.

எங்கள் பெயரில் இருக்கிறவற்றுக்கு, எங்களுக்குப் பதிலாக ஒருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் எழுதினோம். இங்கே என் அபிப்பிராயம் உறுதியானது: பொதுத் தத்துவம் வேண்டாம், குறித்த வேலைகளுக்கான விசேட தத்துவம் எழுதுங்கள். வைப்பைப் புதுப்பிக்கலாம், வீட்டுக்கான சோலைவரி கட்டலாம், தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டத்தில் எங்கள் சார்பில் இருக்கலாம், திணைக்களங்களில் கடிதம் கொடுத்து வாங்கலாம். விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நம்பிக்கையில்லாமல் இப்படி எழுதவில்லை. தத்துவம் வாங்குகிறவரும் நாளைக்கு ஒருவர் வந்து நெருக்கினால் "எனக்கு அதிகாரமில்லை" என்று சொல்லித் தப்ப வழி வேண்டும். நொத்தாரிசிடம் எழுதி, பதிவும் செய்தோம். இதைப் போனபிறகு செய்வதென்றால் லண்டன் உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்தி இங்கே அனுப்பி, மீண்டும் வெளிவிவகார அமைச்சுக்கு அலைய வேண்டிவரும். அதே மேசையில் மரண சாசனத்தையும் எழுதினோம். எங்கள் இருவருக்கும் ஏதாவது நடந்தால் பிள்ளைகள் யார் பொறுப்பில் என்பது அதில் இருக்கிறது. மாமி அபசகுனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஆனாலும் எழுதினோம்.

இன்னொன்று, வங்கியில் வேலை செய்தவள் என்ற முறையில் கட்டாயம் சொல்லவேண்டியது: உங்கள் இலங்கை சிம்மைச் சாகவிடாதீர்கள். இணைய வங்கியில் எதைச் செய்தாலும் ஓ.ரி.பி. அந்த இலக்கத்துக்குத்தான் வரும். போகமுதல் ரோமிங்கைப் போட்டு, சிறு தொகை ரீலோட் செய்துகொண்டிருக்க இங்கே ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். சிம் செத்தால் புதிதாக எடுக்க நீங்களே அடையாள அட்டையோடு நேரில் வந்து நிற்கவேண்டிய நிலை வரும்.

வீட்டுக் கடன். வட்டி மாறுகிற கடன் அது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியபோது எங்கள் தவணை எப்படி ஏறியது என்பதை மறக்கமாட்டேன். வங்கியை விட்டதும் எனக்குப் பணிக்கொடை கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். அதை விசாவுக்கு எடுப்போம் என்று அவர் சொன்னார். நான் கடனின் அசலில் போட்டுத் தவணையைக் குறைக்கவேண்டும் என்று நின்றேன். இரண்டு நாள் கதைத்துக் கடனில்தான் போட்டோம். பவுண்ட் சம்பளத்தில் ரூபாய்க் கடன் லேசாகத்தான் தெரியும். ஆனால் வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும், அந்த நேரத்தில் கொழும்பில் தவணை நின்றால் மாமா மாமி இருக்கிற வீட்டுக்கே ஆபத்து. ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து தானாகக் கழியும்படி நிலையியற் கட்டளை கொடுத்திருக்கிறோம்.

ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருப்பவர்களுக்கு: வெளிநாடு போவதற்காக வயதுக்கு முன் எடுக்கிற வழி நிரந்தரமாகக் குடிபெயர்கிறவர்களுக்குத்தான், எங்களைப் போல வேலை விசாவில் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம், அதுவரை வட்டி சேரும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை வேலை விட்டதும் எடுக்கலாம். நான் எடுத்தேன், டிக்கெட்டுக்கு உதவியது.

பத்திரங்களில் எங்கள் ஆட்களுக்கு வருகிற தலையிடி பெயர்தான். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில், கையெழுத்தில் எழுதியது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும், பாஸ்போர்ட்டில் முழுதாக, சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டின் பிரதியையும் வைத்து, "பெயரை இதில் இருக்கிறபடியே எழுதுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்படியும் பொருந்தாத இடத்துக்கு, இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைத்தோம். விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் புதுப் பிரதிகள் எடுத்து, பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி வைத்திருக்கிறோம். இடப்பெயர்வில் மூலப்பத்திரம் தொலைத்த குடும்பங்கள் இந்த வேலையை வேலை தேடத் தொடங்கும் நாளிலேயே தொடங்குவது நல்லது. வேலை கிடைத்தபின் தொடங்கினால் சி.ஓ.எஸ். காலாவதியாகும்; அதற்குக் கிடைப்பது மூன்று மாதம்தான்.

வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியவேண்டும். அவர் பதிந்துவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகள் விஷயத்தில் முதலில் பாருங்கள், எந்த வகுப்பு என்பதை. இங்கிலாந்தில் செப்டெம்பர் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. இங்கே எத்தனையாம் ஆண்டு என்பதைப் பார்க்கமாட்டார்கள். 11 வயதில் இடைநிலைப் பள்ளி தொடங்கும். வருட நடுவில் சேர்ப்பதற்கு அந்தந்தப் பகுதி மாநகர சபையின் படிவம் உண்டு, முகவரி இருந்தால்தான் அது நகரும். அரசாங்கப் பள்ளிக்கூடம் இலவசம். ஆனால் எங்கள் விசாவில் பிள்ளைகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவுகள் கிடையாது. அங்கே இருக்கிற சொந்தக்காரர் "பிள்ளைக்காசு வரும்தானே" என்று சொன்னால் அது அவர்களுக்கு வரும், உங்களுக்கு வராது.

பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கைப்பையில் வையுங்கள், அங்கே ஜி.பி. என்கிற குடும்ப வைத்தியரிடம் பதியும்போது கேட்பார்கள். பல்லையும் கண்ணையும் கொழும்பிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். எனக்கு இரண்டு பல் அடைத்து, கண்ணாடி இரண்டு சோடி செய்தாயிற்று. அங்கே என்.எச்.எஸ். என்கிற அரசாங்க சுகாதார சேவையின் பல் வைத்தியரிடம் பெரியவர்களுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம் என்று அவர் போன முதல் மாதமே சொல்லிவிட்டார்.

சாமான் கட்டுவதில் எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறார்கள். நெய், பால்மா, இறைச்சி வகை கொண்டுபோக அங்கே அனுமதியில்லை. கறித்தூள் கொண்டுபோகலாம். மிக்ஸியும் ரைஸ் குக்கரும் இதே 230 வோல்ட்டில் ஓடும், உருண்டைக் கால் பிளக்கை மட்டும் சதுரக் காலுக்கு மாற்றவேண்டும்.

அங்கிருந்து காசு அனுப்புவதை முதல் மாதத்தில் இருந்தே வங்கி வழியாகச் செய்கிறார். உண்டியல் காசு, அதாவது வங்கி இல்லாமல் ஆள்வழி வருகிற காசு, வீட்டுக்கே வந்து சேரும், லேசு என்பது உண்மை. ஆனால் நாளைக்கு ஒரு காணியோ வீடோ வாங்கி விற்று, அந்தக் காசை மீண்டும் வெளியே எடுப்பதென்றால் அது வெளிநாட்டில் இருந்து முறையாக வந்த காசு என்று காட்டவேண்டும். 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதற்கென்றே உள்முக முதலீட்டுக் கணக்கு இருக்கிறது. மற்றபடி இங்கிருந்து ஒருவர் வெளியே எடுத்துப்போகக்கூடிய காசுக்கு உச்சவரம்பு இருக்கிறது, 2020 இற்குப் பிறகு அதைத் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார்கள். அனுப்புகிற கிழமையில் வங்கியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இப்போது எங்கள் மேசையில் கிடக்கிற கடைசிக் கணக்கு அவருடைய விசா முடிகிற 2028 மே மாதத்தினுடையது. வரியும் தேசியக் காப்புறுதியும் ஓய்வூதியமும் போக 42,000 பவுண்ட் சம்பளத்தில் கைக்கு மாதம் 2,700க்குக் கிட்ட வருகிறது. வாடகை, கவுன்சில் வரி, கரண்ட், காஸ், சாப்பாடு, பஸ் என்று நாங்கள் போட்ட பட்டியல் 2,050. மாமா மாமிக்கு மாதம் ஒரு இலட்ச ரூபாய் என்றால் 250 பவுண்ட். மிச்சம் 400. விசா நீடிக்கும்போது நாலு பேருக்கும் ஐ.எச்.எஸ்.ஸும், உள்நாட்டில் இருந்து விண்ணப்பிக்கிற கட்டணம் ஆளுக்கு 885 வீதமும் மீண்டும் வரும்; 2025 ஏப்ரல் கட்டணத்திலேயே 14,406 பவுண்ட். இருக்கிற மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 500க்கு மேல். அவருடைய சம்பளம் மட்டும் போதாது. துணை விசாவில் போகிறவர் அங்கே வேலை செய்யலாம். அதனால் என் வேலை அனுபவக் கடிதம், தகைமைச் சான்றிதழ்கள், பழைய மேலாளரின் பரிந்துரை எல்லாவற்றையும் பெட்டியில் வைக்கவில்லை, கையில் கொண்டுபோகிறேன். இரண்டு இடத்துக்கு விண்ணப்பமும் இங்கிருந்தே போட்டாயிற்று.